முன்பாரமா, பின்பாரமா? – வாகனக் கேள்வி பதில்

பெரிய சொகுசுக் காருக்குப் பின்னால் கேரவன் டிரெய்லரை மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பும் ஆசை நம் பக்கத்திலும் வந்துவிட்டது. அதைப் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: அண்ணாச்சி, என்னிடம் இருப்பது லேண்ட் குரூசர் 300. 3,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கிறது. நான் வாங்க நினைக்கும் கேரவன் சாமான் சட்டோடு 1,600 கிலோ. பாதிகூட இல்லையே, யோசிக்காமல் மாட்டலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இழுவைக்குக் குறையே இல்லை. 3.3 லிட்டர் இரட்டை டர்போ டீசல், 700 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை. 1,600 கிலோ பின்னால் வருவதே உங்களுக்குத் தெரியாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. சின்னக் காராக இருந்தால், பாரம் தப்பாக ஏறியதை முதல் கிலோமீட்டரிலேயே காட்டிக் கொடுத்துவிடும். பெரிய கார் 80-ஐத் தாண்டும்வரை வாய் திறக்காது. திறக்கும்போது நேரம் கடந்திருக்கும்.

அந்த 3,500 கிலோ, தனக்கென்று பிரேக் உள்ள டிரெய்லருக்குச் சொன்னது. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அதே வண்டிக்கு 750 கிலோதான். அதுவும் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் விற்கும் வண்டிக்கு, கம்பெனி சொல்லும் டோ பாரை, அதாவது கேரவனை மாட்டக் காரின் பின்னால் போடும் இரும்புச் சட்டத்தை, பொருத்திய பிறகு கொடுக்கும் கணக்கு. உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் டிரெய்லர் என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே இருக்கும் எண்தான் உங்களுக்கு. எண்ணே இல்லை, அல்லது இழுக்கப் பரிந்துரைக்கவில்லை என்று எழுதியிருந்தால், வெளிநாட்டு எண்ணைக் கடன் வாங்காதீர்கள். ஷோரூமில் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து எழுத்தில் பதில் கேளுங்கள்.

பலர் கோட்டை விடுவது காருக்குள் ஏறும் எடையில். டோ பாரின் நுனியில் இருக்கும் இரும்பு உருண்டைக்குப் பெயர் பால். கேரவனின் முனை அந்தப் பாலில் அழுத்தும் எடையும் காரின் சுமைதான். ஒரு கணக்குப் போடுவோம். காரின் வெற்று எடை 2,550, அனுமதித்த மொத்த எடை 3,250 என்றால் மிச்சம் 700 கிலோ. பெரியவர்களும் பிள்ளைகளுமாக 6 பேர், சராசரி 60 என்றால் 360. டிக்கியில் பெட்டி, கூலர், ஸ்டவ் எல்லாம் சேர்த்து 140. டோ பார் 35. முனை அழுத்தும் பாரம் 110. கூட்டினால் 645. மேலே கேரியரில் இரண்டு மூட்டையைக் கட்டினால் எல்லை தாண்டிவிடும். இழுவைத் திறனில் 1,900 கிலோ பாக்கி இருக்கும்போதே கார் அளவுக்கு மீறிய சுமையில் ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: முனைப் பாரம், முனைப் பாரம் என்கிறீர்கள். அது எவ்வளவு இருக்க வேண்டும், வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முன்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் ஏறினால் நுகம் மேலே தூக்கிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். அந்தக் காலத்தில் வைக்கோல் ஏற்றும்போதே ஒருவர் நுகத்தைக் கையால் தூக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் முன்னால் போடு" என்பார். நாம் செய்யப்போவதும் அதேதான், கைக்குப் பதில் எடை மெஷின்.

கேரவன் முனையில் பாலைக் கவ்விப் பூட்டும் பாகம்தான் கப்ளர். ஐரோப்பிய வகைக் கப்ளர் உள்ள கேரவனுக்கு மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் முன்பாரம், அதாவது நீங்கள் கேட்ட முனைப் பாரம், வேண்டும். 1,600 கிலோவுக்கு 80 முதல் 112 கிலோ. அமெரிக்க வகைக் கேரவன்கள் 10 முதல் 15 சதவீதத்துக்கு வடிவமைத்தவை. எதுவானாலும் காரின் கையேடு, டோ பாரின் தகடு, கப்ளரின் தகடு மூன்றிலும் ஓர் உச்ச எண் இருக்கும். மூன்றில் எது சிறியதோ அதைத் தாண்டக்கூடாது.

வீட்டில் நாம் ஏறி நிற்கும் மெஷின் பெரும்பாலும் 120, 150 கிலோவோடு நின்றுவிடும். ஆகவே ஒரு பலகை. சமதளத்தில் கேரவனை நிறுத்தி, சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை கொடுங்கள். பயணத்துக்கு எப்படி ஏற்றுவீர்களோ அப்படியே தண்ணீர், கியாஸ், பாத்திரம் எல்லாம் உள்ளே இருக்க வேண்டும். தடித்த பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேலும், மறு முனையை மெஷின் மேலும் வையுங்கள். இரண்டு இடத்திலும் பலகைக்கு அடியில் ஒரு குழாய்த்துண்டு இருக்கட்டும். இரண்டு குழாய்க்கும் நடுவே சரியாக 3 அடி. செங்கல் பக்கக் குழாயிலிருந்து 1 அடியில் ஒரு மரக்குற்றியைப் பலகை மேல் நிறுத்தி, கப்ளரை அதன் மேல் மெதுவாக இறக்குங்கள். மெஷின் காட்டும் எண்ணில், முன்பே பலகையும் குற்றியும் மட்டும் இருந்தபோது காட்டியதைக் கழித்து, 3 ஆல் பெருக்குங்கள். 36 காட்டினால் முன்பாரம் 108. குற்றியின் உயரம், மாட்டியபின் கப்ளர் இருக்கும் உயரமாகவே இருக்க வேண்டும். முனை தாழ்ந்திருந்தால் எண் மாறும்.

எடைமேடைக்கும் ஒருமுறை போய் வாருங்கள். கல் லாரி, நெல் லாரி போகும் மேடையே போதும். முதலில் ஆட்களோடு காரைத் தனியாக, பிறகு கேரவனை மாட்டிக் காரின் நான்கு சக்கரத்தை மட்டும் மேடையில், கடைசியாகக் கேரவன் சக்கரத்தை மட்டும். இரண்டாவது எண் காரின் மொத்த எடை எல்லைக்குள் வருகிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். முதல் இரண்டின் வித்தியாசம் முன்பாரம். ஆனால் அந்தச் சீட்டு 10 கிலோ, 20 கிலோ படியில் தாண்டும் என்பதால் நுணுக்கத்துக்குப் பலகையை நம்புங்கள்.

பாரம் எங்கே மாறுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கேரவன் அச்சிலிருந்து கப்ளர் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் உள்ள தொட்டியில் 80 லிட்டர் தண்ணீர் நிரப்பினால் முன்பாரத்தில் 24 கிலோ குறையும். கடைசியில், 2 மீட்டர் பின்னால், ஸ்டெப்னியும் ஜெனரேட்டருமாக 60 கிலோ கட்டினால் இன்னொரு 30 போகும். 112 இருந்தது 58 ஆகிவிட்டது, மொத்த எடையில் 4 சதவீதம்கூட இல்லை. திரும்பும் வழியில் உடன்குடியில் 20 கிலோ கருப்பட்டி வாங்கினால் அதைப் பின்கட்டிலில் போடாதீர்கள். அச்சுக்கு நேர் மேலே, தரையில் வையுங்கள்.

கேள்வி: என் ரேஞ்ச் ரோவரில் ஏர் சஸ்பென்ஷன். கேரவனை மாட்டியதும் பின்பக்கம் அமுங்கி, சில நொடியில் தானே சமமாகிவிடுகிறது. சமமாகிவிட்டால் எல்லாம் சரிதானே?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: உயரம் சமமாகிறது, எடை அல்ல. அந்த வண்டியின் இரு அச்சுக்கும் நடுவே ஏறத்தாழ 3 மீட்டர். பால், பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருந்தால், அதில் 150 கிலோ அழுத்தும்போது முன் சக்கரங்களிலிருந்து 60 கிலோ எழும்பிவிடும். பின் அச்சில் 210 கிலோ கூடும். சஸ்பென்ஷனின் காற்றுப்பை பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினாலும் இந்த 60 கிலோ முன்னால் திரும்பாது. ஸ்டீயரிங் பிடிப்பும், முன் பிரேக்கின் பிடியும் அந்த அளவுக்குக் குறைந்தே இருக்கும். சாதாரண ஸ்பிரிங் வண்டியில் பின்பக்கம் தொங்குவதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். இங்கே கண்ணுக்குத் தெரியும் அந்த ஒரே அடையாளத்தையும் வண்டியே அழித்துவிடுகிறது. அதனால்தான் உங்களுக்கு எடைமேடைச் சீட்டு இரட்டிப்பு அவசியம். முன் அச்சை மட்டும் மேடையில் ஏற்றி, மாட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு எண் எடுங்கள்.

எடையை முன் அச்சுக்குத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங் கம்பி வைத்த ஹிட்ச் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. ஏர் சஸ்பென்ஷன் வண்டிகளில் அதை எல்லாத் தயாரிப்பாளர்களும் அனுமதிப்பதில்லை. கையேடு அனுமதிக்காவிட்டால் தொடாதீர்கள். மாட்டும்போதும் கழற்றும்போதும் சஸ்பென்ஷனைச் சாதாரண உயரத்தில் வையுங்கள். கழற்றியதும் பின்பக்கம் குபுக்கென்று எழும்பும். கப்ளருக்கும் பம்பருக்கும் நடுவே கை இருக்கக்கூடாது.

கேள்வி: ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் ஊர் எங்களுடையது. வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு வழியாகக் கேரவனை இழுத்துப் போகலாமா? ஆட்டம் போட்டால் என்ன செய்ய?
– வாசகர், வள்ளியூர்

பதில்: மிக அவசியமான கேள்வி. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் மேல்காற்று, வடக்கு தெற்காக ஓடும் நான்குவழிச் சாலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது. முப்பந்தல் பக்கம் அவ்வளவு காற்றாலைகள் நிற்பது அதனால்தான். நாங்குநேரி தாண்டி நாகர்கோவில் நோக்கிப் போகும்போது அது உங்கள் வலப்பக்க விலாவில் அடிக்கும்.

கேரவனின் பக்கச்சுவர் 5 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம் என்றால் 10 சதுர மீட்டர் பாய்மரம். மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று அதை ஏறத்தாழ 120 கிலோ விசையோடு தள்ளும். காற்று 70 ஆனால் விசை இரண்டு மடங்காகி 230-ஐத் தொடும். நிதானமாகத் தள்ளினால்கூடச் சமாளிக்கலாம். பக்கத்தில் ஆம்னி பஸ் முந்தும்போதுதான் சோதனை. பஸ் கூடவே வரும் நொடியில் காற்று அறுபடும். அது தாண்டியதும் மொத்தமாகத் திரும்ப அறையும். அந்த அறையில் கேரவனின் வால் ஒருமுறை வீசும். முன்பாரம் சரியாக இருந்தால் இரண்டு ஆட்டத்தில் தானே அடங்கும். பின்பாரமாக இருந்தால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும்.

ஆட ஆரம்பித்தால் கால் பிரேக்கை அழுத்தக்கூடாது, ஆக்ஸிலரேட்டரையும் மிதிக்கக்கூடாது. காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராக, இறுக்கிப் பிடியுங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பித் திருப்பிச் சரிசெய்யப் பார்த்தால், உங்கள் கை எப்போதும் அரை நொடி பிந்தித்தான் வரும். அது ஊஞ்சலை உந்திவிடுவதாகவே முடியும். கேரவனில் மின் பிரேக் இருந்தால், டாஷ்போர்டில் உள்ள கன்ட்ரோலரின் கைவிசையை மட்டும் அழுத்துங்கள். பின்னால் பிடித்து இழுத்தது போல வண்டி நேராகும். அடங்கியதும் ஓரம் கட்டி, டயர் காற்றையும் சாமான் நகர்ந்ததா என்பதையும் பாருங்கள்.

அந்த நான்கு மாதமும் இந்தப் பகுதியைக் காலை விடிந்தும் விடியாமலும் கடந்துவிடுவது நல்லது. வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். வேகம் 60-க்கு மேல் வேண்டாம். தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு முன்னால் இருந்தால் நிரப்பியும், பின்னால் இருந்தால் காலியாகவும் ஓட்டுங்கள். மரம் சாயும் அளவுக்குக் காற்று இருந்தால் நாங்குநேரியிலேயே நின்றுவிடுங்கள்.

காரின் ஈ.எஸ்.பி.யில், அதாவது வண்டி சறுக்காமல் தானே பிரேக் பிடித்துக் காக்கும் அமைப்பில், டிரெய்லர் ஆட்டத்தை அடக்கும் வசதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். பின்னால் டிரெய்லர் இருப்பது காருக்குத் தெரிந்தால்தான் அது வேலை செய்யும். அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான்.

கேள்வி: எலக்ட்ரீஷியன் ஒருவர் டெயில் லைட் ஒயரை வெட்டிக் கேரவனுக்கு லைன் கொடுத்தார். இப்போது இண்டிகேட்டர் போட்டால் கேரவனின் எல்லா விளக்கும் சேர்ந்து மினுக்குகிறது, காரில் எச்சரிக்கை வருகிறது.
– வாசகர், தென்காசி

பதில்: எல்லாம் சேர்ந்து மினுக்கினால் முதலில் எர்த்தைச் சந்தேகப்படுங்கள். 12 என் வகை ஏழு பின் சாக்கெட்டில் 3-ஆம் பின், வெள்ளை ஒயர். அது தளர்ந்தாலோ துருப்பிடித்தாலோ, கரண்ட் திரும்ப வழியில்லாமல் மற்ற பல்புகள் வழியாகச் சுற்றி வரும். மற்றவை: 1 மஞ்சள் இடது இண்டிகேட்டர், 2 நீலம் ஃபாக், 4 பச்சை வலது இண்டிகேட்டர், 5 பழுப்பு வலது டெயில், 6 சிவப்பு பிரேக், 7 கருப்பு இடது டெயில். அமெரிக்க ஏழு பின்னின் வரிசை வேறு, இரண்டையும் கலக்காதீர்கள்.

காரில் எச்சரிக்கை வருவது வேறு காரணத்தால். இந்த வண்டிகளில் ஒவ்வொரு விளக்கும் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் அளந்துகொண்டே இருக்கும். இரண்டு விளக்கின் சுமை ஒரு லைனில் வந்ததும் கோளாறு என்று எடுத்துக்கொள்கிறது. வெட்டிய இடங்களைப் பழையபடி ஒட்டி மூடிவிட்டு, உங்கள் மாடலுக்கான டிரெய்லர் மாட்யூலைப் போட்டு, சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரில் பதியச் சொல்லுங்கள். ரிவர்ஸ் சென்சார் அலறாமல் இருப்பதும், ஈ.எஸ்.பி. ஆட்டத்தை அடக்குவதும் அந்தப் பதிவுக்குப் பிறகுதான்.

கேள்வி: லேத் பட்டறையில் டோ பார் அடித்துக்கொள்ளலாமா? பாதி விலைதான் ஆகிறது. பம்பரில் கொக்கி மாட்டும் ஓட்டை இருக்கிறதே, அதிலேயே மாட்டினால் என்ன?
– வாசகர், திசையன்விளை

பதில்: வேண்டாம். பம்பரில் உள்ள கொக்கி, பள்ளத்தில் சிக்கிய வண்டியை மெதுவாக இழுத்தெடுக்க வைத்தது. நாள் முழுக்க மேலும் கீழும் பக்கவாட்டிலும் உதறும் பாரத்துக்கு அது ஆகாது. டோ பார், சேஸிஸில் கம்பெனி விட்டிருக்கும் துளைகளிலேயே, சொன்ன போல்ட்டில், சொன்ன முறுக்கு அளவில் உட்கார வேண்டும். பட்டறைக்காரரின் கைத்திறனில் குறை இல்லை. சேஸிஸில் புதிதாக வெல்டிங் வைத்தால் அந்த இடத்து இரும்பு சூட்டில் தன் பதத்தை இழந்து, வெல்டிங் ஓரமாகவே விரிசல் விடும்.

பால் வாங்கும்போதும் கவனம். ஐரோப்பிய அளவு 50 மில்லிமீட்டர், அமெரிக்க அளவு 2 அங்குலம், அதாவது 50.8. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். 2 அங்குலக் கப்ளரில் 50 மில்லிமீட்டர் பால் லொடலொடவென்று ஆடும். மாற்றிப் போட்டால் பூட்டு முழுதாக விழாது. கப்ளர் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள்.

மாட்டியதும் ஒரு சோதனை. கப்ளர் பூட்டிய பிறகு முன் ஜாக்கியைச் சுற்றி முனையைத் தூக்குங்கள். காரின் பின்பக்கமும் கூடவே எழும்பினால் பூட்டு விழுந்திருக்கிறது. கப்ளர் மட்டும் மேலே வந்தால் அது சும்மா உட்கார்ந்திருந்தது. சங்கிலி இரண்டையும் பெருக்கல் குறிபோலக் குறுக்கே போடுங்கள். முனை கழன்றால் ரோட்டில் குத்தாமல் அதில் தொட்டில்போலத் தங்கும். கேரவன் கழன்று போனால் அதன் பிரேக்கை இழுத்துவிடும் கேபிளைப் பாலின் கழுத்தில் சுற்றாமல், அதற்கென்று உள்ள வளையத்தில் மாட்டுங்கள்.

கேள்வி: மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலை, இல்லையென்றால் காரையாறு. கேரவனோடு எங்கே போகலாம்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இரண்டுக்கும் கேரவன் ஆகாது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகும் சாலைகள், வனத்துறை செக்போஸ்ட் உண்டு. மாஞ்சோலைச் சாலை குறுகல், கொண்டை ஊசி வளைவுகள் வேறு. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும், உங்களால் முடியாது. கேரவனை அம்பை, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் தெரிந்தவர் தோப்பில் நிறுத்திவிட்டு, அனுமதி பெற்றுக் காரில் மட்டும் போய் வாருங்கள்.

கேரவனோடு மலை ஏற வேண்டுமென்றால் செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவு போகலாம். ஏறுவதைவிடத் திரும்பி இறங்குவதில்தான் கவனம். இறக்கம் தொடங்கும் கோட்டைவாசலிலேயே கியரை மேனுவலுக்கு மாற்றி, ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதற்கும் ஒன்று கீழே போட்டு, 20, 25-ல் இறங்குங்கள். ஓவர் ரன் பிரேக் (கேரவன் காரைத் தள்ளும்போது தானே பிடிக்கும் பிரேக்) உள்ள கேரவன் இறக்கத்தில் காரைத் தள்ளிக்கொண்டே வரும். தள்ளும் நேரமெல்லாம் அதன் பிரேக் உரசிக்கொண்டே இருக்கும். எஸ் வளைவு தாண்டிச் சமதளம் வந்ததும் கால் மணி நேரம் நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுவில் கையைத் தொடாமல் பக்கத்தில் கொண்டுபோனாலே, எது அதிகச் சூடு என்று தெரியும். ஒரு பக்கம் மட்டும் சூடு என்றால் பிரேக் பிடித்திருக்கிறது, அல்லது பேரிங்கில் கிரீஸ் இல்லை. சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் பிரேக் டிரம் விரிசல் விடும்.

கேள்வி: டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. வேண்டுமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 61 டிரெய்லருக்கும் பதிவு உண்டு என்கிறது. இழுக்கும் காரின் நம்பரும் டிரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும். வாங்குவதற்கு முன்பே தயாரிப்பாளரிடம் அந்த மாடலின் ஒப்புதல் சான்றிதழைக் கேட்டு வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டிப் பேசிவிடுங்கள். பணம் கட்டியபின் போனால் அலைச்சல். கார் இன்சூரன்சில் டிரெய்லரைத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஓடும்போது கேரவனுக்குள் ஆள் இருக்கவே கூடாது, குழந்தை தூங்கினாலும் காருக்குத் தூக்கி வந்துவிடுங்கள்.

கேள்வி: உவரிக் கடற்கரை மணலில் கேரவனை நிறுத்தலாமா?
– வாசகர், நாங்குநேரி

பதில்: மணலுக்குள் வேண்டாம். கார் நான்கு சக்கரத்திலும் இழுக்கும். கேரவன் சக்கரம் உருளுமே தவிர இழுக்காது, நங்கூரமாகப் புதையும். தார் ரோட்டோரம் கெட்டித்தரையில் நிறுத்துங்கள். தேரி மண்ணிலும் இதே கதைதான். முன் ஜாக்கியின் சின்னச் சக்கரத்துக்கு அடியில் ஒன்றரை அடிப் பனம்பலகை போடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரிக்குள் முனை இறங்கிவிடும். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் சக்கரம், பிரேக், கப்ளர் எல்லாவற்றையும் கழுவிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தெரு குறுகல். கேரவனோடு ரிவர்ஸ் எடுக்க வரவே மாட்டேன் என்கிறது. இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் போகிறது.
– வாசகர், நெல்லை டவுன்

பதில்: ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தில் ஒரு கையை வையுங்கள். கேரவனின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள், குழப்பம் போய்விடும். கை நகர்வது நான்கு விரல் அளவுக்கு மேல் வேண்டாம். கேரவன் திரும்பத் தொடங்கியதும் உடனே கையை எதிர்ப்பக்கம் கொண்டுவந்து, அதன் பின்னாலேயே காரைக் கூட்டிப் போங்கள். ஒரு பக்கக் கண்ணாடியில் கேரவன் சுவர் அகலமாகத் தெரிய ஆரம்பித்தால் மடங்கப்போகிறது. நிறுத்தி, இரண்டு மீட்டர் முன்னால் போய் நேராக்கிவிட்டு மறுபடி வாருங்கள். கூட ஒருவர் இறங்கி, உங்கள் கண்ணாடியில் தெரியும்படி நின்றுகொள்ளட்டும். அவர் தெரியாமல் போன நொடியில் பிரேக்கில் கால் வைக்க வேண்டும். பழக, விடுமுறை நாளில் காலியான மைதானத்தில் இரண்டு வாளியைக் கவிழ்த்து வைத்து ஒரு மணி நேரம் எடுத்துப் பாருங்கள். சிறிய கேரவன் என்றால் இன்னும் மெதுவாக. நீளம் குறையக் குறையச் சட்டென்று மடங்கும்.